மலை குடித்த மழை

பேரிஜம் ஏரிக்குப் போக வனத்துறையிடம் அனுமதி வாங்க வேண்டும். ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூரில் கோலப்பன் ஏரி இருக்கிறது; படகுச் சவாரியும் உண்டு. மலைமேல் ஏரி பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்குத் தமிழ்நாட்டில் இப்படி நாலைந்து இடங்கள் தேறும். திருவண்ணாமலை அந்தப் பட்டியலில் வராது. கடல்மட்டத்திலிருந்து 800 மீட்டருக்குச் சற்றே கூடுதலான உயரமுள்ள அந்த மலையின் மேல் ஏரி என்று சொல்லத்தக்க எதுவும் இல்லை. ஏரி அடிவாரத்தில்தான், சமுத்திரம் என்ற பெரிய பெயரோடு. ஆனாலும் மார்கழிக் காலையில் ரமணாசிரமத்தின் பின்வாசல் வழியாக ஸ்கந்தாசிரமத்துக்கு ஏறுகிறவர் ஓர் ஏரியின் மேல்தான் நடக்கிறார். மண்ணிலும் சிதைந்த பாறையிலும் வெடிப்புகளிலும் அது சிதறிக் கிடப்பதால் கண்ணுக்குத் தெரிவதில்லை.

எவ்வளவு பெரிய ஏரி என்று ஒரு தோராயக் கணக்குப் போடலாம். கிரிவலப் பாதை சுமார் 14 கிலோமீட்டர். அதற்குள் அடங்கும் மலைச்சரிவை 10 சதுர கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். திருவண்ணாமலையின் ஆண்டு மழை ஏறத்தாழ ஆயிரம் மில்லிமீட்டர். ஆடி ஆவணி மாலைகளில் கொட்டும் இடிமழையும் ஐப்பசி கார்த்திகை அடைமழையும் சேர்ந்த அளவு அது. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். பெருக்கிப் பார்த்தால் ஆண்டுக்கு 1,000 கோடி லிட்டர் மலைமேல் விழுகிறது. டிஎம்சி கணக்கில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல். இதே மாவட்டத்துச் சாத்தனூர் அணையின் கொள்ளளவு 7.3 டிஎம்சி என்பதை நினைத்தால் இது சிறிதுதான். ஒரு தனி மலைக்குச் சிறிதில்லை.

இந்தத் தண்ணீரில் எவ்வளவு அன்றைக்கே ஓடையாக உருண்டோடிப் போகிறது, எவ்வளவு ஆவியாகிறது, எவ்வளவு உள்ளே இறங்கிச் சித்திரை வரை மெதுவாகக் கசிகிறது என்பதில்தான் மலையின் கதை இருக்கிறது. அதைப் பார்க்க மார்கழிதான் சரியான மாதம். அடைமழை ஓய்ந்திருக்கும். மேலோட்டமாக ஓடிய வெள்ளம் வடிந்துபோயிருக்கும். இப்போது ஓடையில் ஓடுவதும் பாறையில் கசிவதும் மலை பிடித்து வைத்திருந்து விடுகிற தண்ணீர். ரமணர் பிறந்ததும் மார்கழியில்தான், 1879 டிசம்பர் 30. ஜயந்திக்கு வருகிற கூட்டமும், குளிர்காலம் முழுக்கச் செங்கம் சாலை டீக்கடைகளை நிறைக்கும் வெளிநாட்டுக்காரர்களும் சேர்ந்து இந்தப் பாதையை இந்த மாதத்தில் கொஞ்சம் நெரிசலாக்கிவிடுவார்கள். விடியற்காலையிலேயே கிளம்புவது நல்லது.

விடியலில் கிளம்ப இன்னொரு காரணமும் உண்டு. உயரம் போகப் போகக் குளிரும் என்று பள்ளியில் படித்திருக்கிறோம். கிலோமீட்டருக்கு ஆறரை டிகிரி என்பது சராசரிக் கணக்கு. அதன்படி ஊரைவிட உச்சி நாலு டிகிரி குளிர்ந்திருக்க வேண்டும். மார்கழி விடியலில் இந்தக் கணக்கு பல நாள் தலைகீழாகிவிடும். மேகமில்லாத இரவில் தரை தன் வெப்பத்தை வானத்துக்கு இழக்கிறது. தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கனமாகிச் சரிவில் வழிந்து அடிவாரத்தில் தேங்குகிறது. அதன் மேல் சற்றே வெதுவெதுப்பான காற்று மூடிபோலப் படுத்துக்கொள்கிறது. ஆசிரம வாசலில் சால்வையை இழுத்துப் போர்த்தியவர் கால்மணி நேரம் ஏறியதும் அதைக் கழற்றித் தோளில் போட்டுக்கொள்வது ஏறிய சூட்டினால் மட்டுமல்ல. ஊரின் அடுப்புப் புகையும் வண்டிப் புகையும் மேலே எழ முடியாமல் ஒரே மட்டத்தில் வெள்ளைப் பட்டையாக நிற்பதைப் பாதையின் வளைவிலிருந்து பார்த்தால், அந்த மூடி எங்கே இருக்கிறது என்பது தெரிந்துவிடும். வெயில் ஏறி எட்டு, எட்டரை ஆனால் அது கலைந்துபோகும்.

கல் பாவிய பாதை. இருபுறமும் மரங்கள். நிழல் அடர்த்தியாகவே இருக்கிறது, புதிதாக வருகிறவர்கள் இதைத் தொன்மையான காடு என்றே நினைத்துக்கொள்வார்கள். மலை பழையது, தலம் பழையது, காடும் அப்படித்தானே இருக்கும்? ரமணர் காலத்துப் புகைப்படங்களைப் பார்த்தால் இந்த எண்ணம் உடனே கலையும். மொட்டைப் பாறையும் புல்லும்தான் பின்னணியில் தெரிகிறது. ஊர் அடுப்புக்கு விறகு, ஆடு மாட்டுக்கு மேய்ச்சல், ஆண்டு தவறாமல் கோடைத் தீ. மூன்றும் சேர்ந்து காட்டைக் கரைத்துவிட்டிருந்தன. 1980களில் நிலைமை இன்னும் மோசம். 1987-ல், ஆசிரமப் பகுதியில் வாழ்ந்த ஆஸ்திரேலியப் பெண் துறவி ஒருவர், தம் நாட்டில் மழைக்காடுகளுக்காகப் போராடிவந்த ஜான் சீடின் அமைப்புக்கு உதவி கேட்டுக் கடிதம் எழுதினார். அதன் தொடர்ச்சியாக 1988-ல் அண்ணாமலை காடுவளர்ப்புச் சங்கம் உருவானது. அண்ணாமலையார் கோயிலின் மதில்களுக்கு நடுவே சும்மா கிடந்த நிலத்திலேயே நாற்றுப்பண்ணை போட்டார்கள். நாற்றுகளைத் தலையிலும் தோளிலும் சுமந்து ஏறி, மழைக்காலத்தில் நட்டு, சரிவுக்குக் குறுக்கே சமமட்ட வரப்பும் கல் தடுப்பும் கட்டினார்கள். பிறகு வேறு அமைப்புகளும் வனத்துறையும் இந்த வேலையைத் தொடர்ந்தன. ஆக, நாம் நிழலுக்கு நன்றி சொல்லும் மரங்களில் பெரும்பாலானவற்றுக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை.

ஆனால் பாதையை விட்டு இரண்டடி தள்ளி ஓர் உசிலை மரத்தின் அடியைக் குனிந்து பார்த்தால் இந்தக் கணக்கு கொஞ்சம் தடுமாறும். ஒரே தூரிலிருந்து மூன்று, நான்கு தண்டுகள், ஒவ்வொன்றும் தொடைப் பருமன். நடுவில் மக்கிப்போன ஒரு குழி. அங்கே முன்பு ஒரு தாய்த்தண்டு இருந்து, கோடாரிக்குப் போயிருக்கிறது. வெட்டிய தூரிலிருந்து கிளம்பிய துளிர்கள்தாம் இந்த நான்கும். விறகுக்காரர் மறுபடி வெட்டாமலும் தீ மறுபடி தின்னாமலும் விட்டதால் மரமாகிவிட்டன. வேரின் வயது தண்டின் வயதைவிடப் பல மடங்கு இருக்கலாம். கிழக்குக் கரையோரத்துக் காடுகளின் மரங்கள் பலவற்றுக்கும் இந்தக் குணம் உண்டு: தலை போனாலும் வேர் விடாது. நட்ட கன்றுகளுக்குக் கிடைக்கும் பெருமையில் ஒரு பங்கு, ஆட்டையும் தீயையும் தள்ளி வைத்ததற்கும் சேர வேண்டும் என்பேன்.

இந்த வகைக் காட்டுக்கு வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு என்று பெயர். 1968-ல் சாம்பியன், சேத் இருவரும் இந்தியக் காடுகளை வகைப்படுத்தியபோது இதைத் தனி இனமாகவே வைத்தார்கள். சோழமண்டலக் கரையை ஒட்டிய ஒரு குறுகிய பட்டையிலும் அதை அடுத்த சில குன்றுகளிலும்தான் இது இருந்தது. இன்று பெரும்பாலும் புத்துப்பட்டு போன்ற கோயில் காடுகளில் துண்டு துண்டாக மிஞ்சியிருக்கிறது. உலர்ந்த நாட்டில் இலை உதிர்ப்பதுதான் சிக்கனம், ஏன் பசுமை மாறாமல் நிற்க வேண்டும்? பாலை, வீரை, காசான் ஆகியவற்றின் இலையைக் கிள்ளிப் பார்த்தால் பதில் கையில் கிடைக்கும்: சின்னதாக, தடித்து, தோல்போல இருக்கும். தண்ணீரை எளிதில் விடாது. ஒவ்வோர் ஆண்டும் புதிதாக இலை செய்யும் செலவும் இல்லை. கோடையிடி மழையும் வடகிழக்குப் பருவமழையும் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சம் கொடுப்பதால் இந்தச் சிக்கனம் கட்டுப்படியாகிறது. ஆரோவில்லில் 1968-க்குப் பிறகு செம்மண் பொட்டலை மீட்டபோது இந்த இனங்களைத்தான் தேடிப் பிடித்துக் கன்றாக்கினார்கள். திருவண்ணாமலைச் சரிவு முழுக்க இதே காடுதான் என்று சொல்லிவிட முடியாது. கடலிலிருந்து தள்ளி இருப்பதால் இலையுதிர்க்கும் மரங்களும், விராலி, சூரை, காரை போன்ற புதர்களும் கலந்தே இருக்கும். மார்கழியில் எல்லாம் ஒரே பச்சை. தை பிறந்த பிறகுதான் யார் உதிர்க்கிறவர், யார் உதிர்க்காதவர் என்று பிரியும்.

இங்கே ஒரு கேள்வியைத் தள்ளிப்போடக் கூடாது. காடு திரும்பியதால் மலையில் தண்ணீர் கூடியிருக்குமா? மரம் வளர்ப்போம், மழை பெறுவோம் என்று ஊர்ச் சுவர்களில் எழுதி வைத்திருப்பதைப் படித்து வளர்ந்தவர்கள் நாம். இந்த மலையின் மழை வங்கக்கடலில் கிளம்பி வருவது. பத்துச் சதுர கிலோமீட்டர் காடு அதைக் கூப்பிட்டு வரவழைக்க முடியாது. காடு மழையைப் பஞ்சுபோல உறிஞ்சி வைத்துக்கொண்டு பிறகு பிழிந்து விடுகிறது என்ற பழைய விளக்கத்திலும் பாதிதான் உண்மை. மரம் தண்ணீரைச் செலவழிக்கும் உயிர். வேரால் இழுத்து இலை வழியே ஆவியாக விட்டுக்கொண்டே இருக்கிறது. இதற்குச் சாட்சி நீலகிரியிலேயே இருக்கிறது. கிளென்மார்கனில் பக்கத்துப் பக்கத்துப் புல்வெளி நீர்ப்பிடிப்புகள் இரண்டை எடுத்து, 1972-ல் ஒன்றில் மட்டும் பரப்பின் 59 விழுக்காட்டில் தைல மரம் நட்டார்கள். மரம் வளர்ந்து வெட்டுவதற்குள் அந்த ஓடையின் நீர்வரத்து 16 விழுக்காடு குறைந்துவிட்டது. தென்னாப்பிரிக்காவின் மொக்கோபுலானில் இன்னும் கடுமை: தைலம் நட்ட ஒன்பதாம் ஆண்டில் ஓடையே வற்றிப்போனது.

அப்படியென்றால் மொட்டையாகவே விட்டிருக்கலாமா? அதுவும் இல்லை. நெதர்லாந்து நீரியல் அறிஞர் பிரைன்சீல் இதை வரவு செலவாகப் பார்க்கச் சொன்னார். காடு வந்தால் இலை வழியே போகும் செலவு கூடும். கூடவே மண்ணுக்குள் இறங்கும் வரவும் கூடும். நல்ல மண்ணும் நல்ல புல்வெளியும் இருந்த இடத்தில், கிளென்மார்கன் போல, வரவு முன்பே நிறைவாக இருந்தது. மரம் நட்டதும் செலவு மட்டும் ஏறியது. மிதிபட்டு, எரிந்து, மேல்மண் கரைந்து ஓடுபோல இறுகிய சரிவில் நிலைமை வேறு. அங்கே மழையில் பெரும்பகுதி உள்ளே இறங்காமலே ஓடிவிடும். அதில் ஒரு பங்கை மண்ணுக்குள் திருப்பினாலே மரம் குடித்ததுபோக மிச்சம் இருக்க வாய்ப்புண்டு. எந்த மரம், எவ்வளவு நெருக்கம், மண் எவ்வளவு ஆழம் என்பதைப் பொறுத்தது. தண்ணீரை எளிதில் விடாத உள்ளூர் இனங்களைக் கலந்து நட்டது, ஒரே இனத்தை வேகமாக வளர்த்து வெட்டும் தோப்பு போடாதது, இரண்டும் இந்த மலைக்கு நல்லதே.

மண்ணுக்குள் திருப்பும் வேலையைச் செய்வது தழைப்பந்தல் என்றுதான் பலரும் நினைப்போம். ஐந்து மில்லிமீட்டர் மழைத்துளி ஒன்று விநாடிக்கு ஒன்பது மீட்டர் வேகத்தில் தரையை அறைகிறது. மண் துகள்கள் தெறித்து, நுண்துளைகளை அடைத்து, மேலே ஓர் ஏடு கட்டிவிடுகிறது. இலை அதைத் தடுக்கும் என்பது சரி. ஆனால் இலை நுனியில் திரண்டு சொட்டும் துளி பல சமயம் மழைத்துளியைவிடப் பெரியது. உயரமான மரத்திலிருந்து விழுந்தால் அதுவும் முழு வேகம் பிடித்துவிடும். சருகு கூட்டித் தள்ளப்பட்ட தேக்குத் தோட்டங்களில் மண் அரித்துப்போவது இதனால்தான். துளியின் அடியை வாங்கிக்கொள்வது தரையில் கிடக்கும் சருகு. சருகைத் தின்ன வரும் கரையான் மண்ணில் குடையும் வளைகளும், செத்த வேர்கள் விட்டுப்போன துவாரங்களும் தண்ணீருக்கு வாசல். மழை ஓய்ந்த மார்கழியில் பாதையோரம் சருகை விலக்கி விரலை அழுத்தினால் முதல் கணு வரை இறங்கும், கீழே ஈரம் இருக்கும். பத்தடி தள்ளி, ஆள் நடந்து இறுகிய ஒற்றையடித் தடத்தில் நகம்கூடப் பதியாது. பாதையை விட்டுக் குறுக்கே ஏறாதீர்கள் என்று வனத்துறை சொல்வதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம், இருக்க வேண்டும்.

சருகு சேர்ந்த காட்டுக்கு மார்கழியில் ஒரு விருந்தாளி உண்டு: ஆறுமணிக்குருவி. கருமை, பச்சை, நீலம், வயிற்றில் சிவப்பு என்று வண்ணப்பெட்டியைக் கொட்டிய பறவை. இமய அடிவாரத்திலும் நடு இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்துக்குத் தெற்கே வரும். ஐப்பசியில் வந்து இறங்கும்போது களைத்துப்போய் வீட்டுத் திண்ணைகளில் விழுந்து கிடப்பதும் உண்டு. விடிகாலையிலும் அந்தியிலும் இரண்டு சீழ்க்கையாகக் கூப்பிடும். நிழலில், சருகைக் கிளறிப் பூச்சி பொறுக்குவதுதான் அதன் பிழைப்பு. மொட்டைப் பாறையில் அதற்கு வேலையே இல்லை.

அரைமணி, முக்கால்மணி நேரத்தில் மரங்கள் விலகிப் பாறை தொடங்கும். எரிமலை குளிர்ந்துதான் இந்த மலையானது என்று வழியில் யாராவது சொல்லக் கேட்கலாம். அக்கினித் தலம் என்ற புராணத்தோடு அது பொருத்தமாகப் பொருந்திவிடுவதால் நம்புவது எளிது. பாறை அதை ஒப்புக்கொள்ளவில்லை. இந்தப் பகுதியின் சார்னோக்கைட், நைஸ், கிரானைட் வகைப் பாறைகள் நிலமேலோட்டின் ஆழத்தில், கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் வெந்து இறுகியவை. எரிமலை வாயிலிருந்து வழிந்து குளிர்ந்த குழம்பில்லை. வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள். எரிமலையைவிட இது எந்த வகையிலும் குறைந்த பெருமையில்லை. சார்னோக்கைட் என்ற பெயரே ஒரு வேடிக்கை: பல்லாவரம், பரங்கிமலைப் பக்கத்துக் கல், கொல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறைக்குப் பலகையாகப் போய், அவர் பெயரை 1893-ல் தாமஸ் ஹாலந்து என்ற நிலவியலாளர் வழியாகத் தனக்குச் சூட்டிக்கொண்டது.

மேலே இருந்த பாரம் அரித்துப்போனதும் ஆழத்துப் பாறை விரிந்து, மேற்பரப்புக்கு இணையாக வெங்காயச் சருகு மாதிரி ஏடு ஏடாகக் கழன்றுகொள்கிறது. அந்த ஏடுகளுக்கு நடுவிலுள்ள விரிசல்தான் தண்ணீர் போகும் வழி. வழுவழுப்பான பாறை முகத்தில் மேலிருந்து கீழாகக் கரிக்கோடுகள் இறங்குவதைப் பார்க்கலாம். யாரும் எண்ணெய் ஊற்றியதல்ல. மழைநீர் வழக்கமாக வழியும் தடத்தில் குடியேறிய நீலப்பச்சைப் பாசி. வெயில் காலத்தில் காய்ந்து கருகிக் கிடக்கும், நனைந்த சில நிமிடங்களில் மறுபடி உயிர் வேலையைத் தொடங்கும். தண்ணீர் எங்கே ஓடும் என்று மழையில்லாத நாளிலும் காட்டித் தரும் வரைபடம் அது. இத்தகைய பாறை இடுக்குகளில் வளரும் மயில்சிகை என்ற விரலளவுப் பெரணியும் அதே சாமர்த்தியசாலி. கோடையில் சுருண்டு செத்ததுபோல இருக்கும், மழை பட்டதும் விசிறியாக விரியும்.

ஸ்கந்தாசிரமத்தின் ஊற்று இப்படியொரு விரிசல் வெளிவாய்தான். உடையாத கிரானைட் பாறையில் நூற்றில் ஒரு பங்குகூட வெற்றிடம் இருக்காது. அது தண்ணீர் பிடிக்காது. பிடிப்பது மேலே உள்ள சிதைவு அடுக்கு, கிணறு வெட்டுகிறவர்கள் மொரம்பு என்று சொல்வது. ஃபெல்ட்ஸ்பார் களிமண்ணாகி, குவார்ட்ஸ் மணலாக உதிர்ந்து, தொட்டால் பொடியும் அடுக்கு. அதில் சேரும் தண்ணீர் கீழே கெட்டிப்பாறை மறிக்க, சரிவோடு பக்கவாட்டில் நகர்ந்து, விரிசல் வெளியே திறக்கும் இடத்தில் ஊற்றாகிறது. உச்சிக்குக் கீழே, பாதி மலையில், ஆண்டு முழுவதும் தண்ணீரா என்று வியப்பவர்களுக்கு இன்னொரு சின்னக் கணக்கு. நிமிடத்துக்கு ஒரு லிட்டர் சுரக்கும் ஊற்று ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஆண்டுக்கு ஐந்தேகால் லட்சம் லிட்டர் ஆகிறது. கடினப்பாறைப் பகுதிகளில் மழையில் பத்தில் ஒரு பங்கு நிலத்தடி நீராகும் என்பது பொதுவான மதிப்பீடு. அந்த விகிதத்தில் இந்த ஊற்றுக்குத் தேவையான நீர்ப்பிடிப்பு ஒன்றேகால் ஏக்கருக்குக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். அற்புதத்துக்கு இடம் வைக்க வேண்டிய அவசியமே இல்லை.

ரமணர் மலையில் தங்கிய இடங்களின் வரிசையை நீரியல் குறிப்பேடாகவும் வாசிக்கலாம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. 1899 முதல் 1916 வரை விரூபாட்ச குகை. அங்கே கோடையில் தண்ணீர் கிடையாது. ஆகவே வெயில் காலத்தில் முலைப்பால் தீர்த்தத்துக்குப் பக்கத்திலுள்ள மாமரத்துக் குகைக்கு இறங்கிவிடுவார்கள். 1916-ல், கந்தசாமி என்ற அன்பர் கள்ளிப் புதரை வெட்டிச் சமன்படுத்திய ஸ்கந்தாசிரமம். அங்கே வற்றாத ஊற்று இருந்தது. தாயார் மறைந்த 1922-ன் கடைசியில் அடிவாரத்துப் பாலி தீர்த்தக்கரை, இன்றைய ரமணாசிரமம். மழைநீர் கீழே இறங்கித் தேங்கும் இடம் அது. பக்கத்திலேயே பலாக்கொத்து, அங்கும் ஒரு தீர்த்தம். மலையைச் சுற்றி 360 தீர்த்தங்கள் என்று ஊரில் சொல்வார்கள். ஞானிகள் தண்ணீர் இருக்கும் இடமாகப் பார்த்துத்தான் உட்கார்ந்தார்கள், அதில் தவறென்ன?

ஊற்று நீரில் மார்கழி விடியலில் கை வைத்தால் வெதுவெதுவென்று இருக்கும். ஊர்க் கிணற்றிலும் அப்படித்தான், மார்கழிக் குளியலுக்குக் கிணற்றடியைத் தேடுகிறவர்களுக்குத் தெரியும். தரைக்குக் கீழே சில மீட்டர் ஆழத்தில் பகல் இரவு வித்தியாசம் எட்டாது. பத்து மீட்டருக்குக் கீழே கோடை குளிர் வித்தியாசமும் ஏறக்குறைய எட்டாது. ஆண்டின் சராசரி வெப்பநிலையில், இங்கே 27, 28 டிகிரி அளவில், பாறை நிலையாக நிற்கிறது. வெளியே காற்று 19 டிகிரியில் இருக்கும்போது அந்தத் தண்ணீர் நமக்குச் சூடு. கையில் ஒரு சின்ன வெப்பமானி இருந்தால் நல்ல சோதனை செய்யலாம்: கல் குழியில் தேங்கிய நீர் காற்றோடு சேர்ந்து குளிர்ந்திருக்கும், ஆழத்திலிருந்து வரும் நீர் குளிராது. எந்தச் சுனை மழைக்குட்டை, எந்தச் சுனை உண்மையான ஊற்று என்பதை ஒரே காலையில் பிரித்துவிடலாம்.

ஸ்கந்தாசிரமத்தைத் தாண்டி நகரம் தெரியும் பாறை மேட்டில் எல்லாரும் நின்று கோபுரங்களைப் படம் எடுப்பார்கள். கோயிலிலிருந்து கண்ணை மலையடிக்குக் கொண்டுவந்தால் வீடுகள் சரிவின் மேல் ஏறிக்கொண்டே வந்திருப்பது தெரியும். 2024 டிசம்பர் 1, ஃபெஞ்சல் புயல் கரை கடந்த மறுநாள், வ.உ.சி. நகரில் மண்ணும் பாறையும் சரிந்து ஒரு வீட்டை மூடியதில் ஏழு பேர் இறந்தார்கள், ஐவர் குழந்தைகள். அந்த ஆண்டு கார்த்திகைத் தீபத்துக்குப் பக்தர்கள் மலையேற அனுமதிக்கப்படவில்லை. மண்ணுக்குள் தண்ணீர் இறங்குவது நல்லது என்று இவ்வளவு நேரம் சொன்னேன். அதற்கு ஓர் எல்லை இருக்கிறது. துளைகள் முழுக்க நிரம்பிவிட்டால் நீரின் அழுத்தம் மண் துகள்களை ஒன்றையொன்று விட்டுத் தள்ளுகிறது. உராய்வு குறைந்து, செங்குத்துச் சரிவில் மொரம்பு அடுக்கு கெட்டிப்பாறையின் மேல் வழுக்குகிறது. அதற்குள் உருண்டைக் கற்களும் புதைந்திருக்கும். பாறை விரிசல்கள் கட்டம் கட்டமாக வெட்டிய துண்டுகளின் மூலைகள் முதலில் சிதைந்து, நடுக்கரு மட்டும் உருண்டையாக மிஞ்சியவை அவை. சுற்றியுள்ள மண் போனால் அவற்றைப் பிடிக்க ஒன்றுமில்லை. மேல்மண்ணை வேர்கள் ஓரளவு கட்டிப்போடும், சில மீட்டர் ஆழத்து நழுவலை வேரால் தடுக்க முடியாது. சரிவின் பாதத்தைக் குடைந்து வீடு கட்டுவது மேலேயுள்ள எடைக்கு முட்டுக்கொடுத்த மண்ணையே எடுத்துவிடுவது. மழையைக் குடிக்கும் மலைக்குக் கீழே கொஞ்சம் வெற்றிடம் விட்டு வைக்க வேண்டும். இதைச் சொல்லப் புதிய ஆராய்ச்சி எதுவும் வேண்டியதில்லை.

திரும்பி இறங்கும்போது தெற்கே சமுத்திரம் ஏரி தெரியும். ராணி ஒருத்தி கடலைப் பார்க்க ஆசைப்பட்டதால் ராஜா இதை வெட்டிக் கொடுத்தார் என்று ஒரு கதை உண்டு. நல்ல மழை பெய்த ஆண்டின் மார்கழியில் அந்தப் பெயர் மிகையாகத் தெரியாது. மலைச்சரிவில் உருண்டோடிய நீர் வரத்து வாய்க்கால்கள் வழியே வந்து சேர்ந்து பரந்து கிடக்கும். கரைமேல் நின்று பார்க்கும்போது கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கிறது. மலையில் மண் தண்ணீரை நன்றாக உள்ளே இறங்க விட்டால் வெள்ளமாக ஏரிக்கு வரும் தண்ணீர் குறையும். மலை மொட்டையானால் ஏரி ஒரே மழையில் நிரம்பும், கூடவே வண்டலும் வந்து மேடு தட்டும். ஏரிக்குள் கிடக்கும் தண்ணீர் ஒவ்வொரு நாளும் வெயிலுக்குச் சில மில்லிமீட்டர் கொடுத்தாக வேண்டும். மொரம்புக்குள் கிடப்பதற்கு அந்த இழப்பு மிகக் குறைவு. என்னைக் கேட்டால், ஏரி ஒரு வாரம் தாமதமாக நிரம்பினாலும் பரவாயில்லை.

மலையின் மேல்பாதி இன்னும் பெரும்பாலும் புல்தான். எலுமிச்சம்புல் ஆளுயரம் வளரும். கசக்கினால் வாசனை, உள்ளே எண்ணெய். மார்கழியில் பச்சையும் மஞ்சளுமாக இருப்பது தை கடைசியில் முழுக்கக் காய்ந்துவிடும். மாசி பங்குனியில் ஒரு பீடித்துண்டு போதும், சரிவு முழுக்க ஏறிவிடும். தீ மேல்நோக்கி ஓடுவது வேகம், சுவாலை முன்னாலுள்ள புல்லை முன்கூட்டியே சூடாக்கிக் காயவைத்துக்கொண்டே போகும். புல் தூரிலிருந்து உடனே துளிர்த்துவிடும். நட்ட கன்று திரும்ப வேரிலிருந்து தொடங்க வேண்டும், சருகு மெத்தை முற்றிலும் போய்விடும். அதனால் மலையேற வருகிறவர்கள் சாலையில் பேருந்துக்குக் காத்து நிற்கும் இதே மார்கழி வாரங்களில், மேலே அரிவாளோடு ஆட்கள் போய்ச் சரிவின் குறுக்கே சில மீட்டர் அகலத்துக்குப் புல்லை அறுத்து ஒதுக்கித் தீத்தடுப்புக் கோடு போடத் தொடங்குவார்கள். ஈரம் இருக்கும்போதே முடித்தாக வேண்டிய வேலை அது; புல் காய்ந்த பிறகு அங்கே ஆள் நிற்பதே ஆபத்து.